ஒரு சொட்டுச் சுரக்க ஒரு செல் எவ்வளவு இழக்கிறது?

சுரப்பிகளை மீரோகிரைன், அப்போகிரைன், ஹோலோகிரைன் என மூன்றாகப் பிரித்து மனப்பாடம் செய்திருப்போம். பெயர்கள் மறந்தாலும் பரவாயில்லை. அந்தப் பிரிவுக்கு அடியில் கிடக்கும் கேள்விதான் முக்கியம்: சுரப்பைக் கொடுக்கும் செல் தன்னில் எவ்வளவை இழக்கிறது?

கணையத்தில் இழப்பு ஏறக்குறைய இல்லை. செரிமான நொதிகள் சிறு சவ்வுப் பைகளில் அடைபட்டுச் செல்லின் மேல்முனையில் காத்திருக்கும். உணவு குடலை எட்டியதும் சமிக்ஞை வரும், செல்லுக்குள் கால்சியம் உயரும், பையின் சவ்வு செல்லின் சவ்வோடு இணைந்து உள்ளிருப்பது வெளியே கொட்டும். இணைந்த சவ்வைச் செல் பிறகு உள்ளே இழுத்துக்கொள்ளும். இதுதான் மீரோகிரைன். இந்தப் பாதையைக் கினிப்பன்றியின் கணையச் செல்களில் தொடர்ந்து கண்டறிந்த ஜார்ஜ் பலாடே, 1974இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்.

தோலின் எண்ணெய்ச் சுரப்பி இதற்கு நேரெதிர். அங்கே அடியில் பிறக்கும் செல் கொழுப்பைச் சேர்த்துச் சேர்த்து ஊதி, உட்கரு சிதைந்து, கடைசியில் உடைந்துபோகிறது. அந்தச் சிதைவே சீபம் எனும் தோல் எண்ணெய். ஒவ்வொரு சொட்டுக்கும் செல்கள் முழுதாகச் சாகின்றன. ஈடுகட்ட அடியில் புதியவை பிறந்துகொண்டே இருக்க வேண்டும். கணையத்தைப் போல நிமிடக் கணக்கில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் இந்த ஹோலோகிரைன் முறைக்கு வராது. ஆனாலும் இதை வீண்செலவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இமையோரத்து மைபோமியன் சுரப்பிகளும் இப்படித்தான் எண்ணெய் தருகின்றன. அந்த மெல்லிய படலம் இல்லையென்றால் கண்ணீர் சீக்கிரமே ஆவியாகிக் கண் எரியும். இடைவிடாமல் கொஞ்சங் கொஞ்சமாகக் கசிய வேண்டிய இடத்தில் வேகம் எதற்கு?

இரண்டுக்கும் நடுவே அப்போகிரைன். செல் தன் மேல்முனையில் கொஞ்சத்தை மட்டும் இழக்கும். அக்குள் வியர்வைச் சுரப்பிக்கும் இந்தப் பெயர் உண்டு. ஆனால் எனக்குப் பிடித்த சான்று பால்தான். மடியின் ஒரே செல் மீரோகிரைன், அப்போகிரைன் ஆகிய இரண்டு முறைகளையும் ஒருங்கே கையாள்கிறது. கேசீன் புரதமும் லாக்டோஸ் சர்க்கரையும் கணையத்து நொதிகளைப் போலப் பைகளில் வந்து கொட்டப்படுகின்றன. கொழுப்புத் துளி அப்படி ஒரு பைக்குள் இருப்பதில்லை. அது செல்லின் விளிம்பை உந்தி வெளியே புடைக்கிறது. செல் தன் சவ்வையே அதற்குப் போர்த்திக் கிள்ளிவிடுகிறது. ஆகவே, ஒரு சுரப்பிக்கு ஒரு முறை என்று பாடநூல் அட்டவணை தரும் எண்ணத்தைப் பால் உடைத்துவிடுகிறது.

மத்தால் தயிரைக் கடையும்போது கிழிவது அந்தப் போர்வைதான். கொழுப்பு ஒன்றுசேர்ந்து வெண்ணெயாகத் திரளும். மாட்டின் செல் தன்னிடமிருந்து கிள்ளிக் கொடுத்த சவ்வின் துண்டுகள் பெரும்பாலும் மோரில் தங்கிவிடும்.