வெறும் மரமா, பெயிண்ட் அடித்த மரமா: லேசரில் முகம் எதில் நன்றாக விழும்?

புகைப்படத்தை மரப்பலகையில் லேசரால் பொறித்துப் பரிசாகக் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது இயந்திரத்தைப் பற்றித்தான். எத்தனை வாட், எந்த மாடல், எவ்வளவு வேகம். என்னைக் கேட்டால், படம் எப்படி வரும் என்பதில் பாதிக்கு மேல் பலகையின் மேற்பரப்பின் கையில் இருக்கிறது. அதற்கு மூன்று வழி உண்டு. வெறும் மரத்தில் நேரடியாகச் சுடலாம். வெள்ளை பெயிண்ட் அடித்து அதன்மேல் சுடலாம். கறுப்பு அடித்து, லேசரால் அதை உரித்து, அடியில் இருக்கும் வெளிர் மரத்தைக் காட்டலாம். மூன்றையும் செய்து பார்த்துவிட்டு, முகப்படம் என்றால் வெள்ளை பெயிண்ட் என்று முடிவு செய்துவிட்டேன்.

சட்டென்று தெரியும் வித்தியாசங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். வெறும் மரத்தில் படம் பழுப்பு நிறத்தில் வரும். வெள்ளையில் ஏறத்தாழ கறுப்பு வெள்ளைப் படமாகவே வரும். இதில் எது அழகு என்பது அவரவர் ரசனை. வெறும் மரத்துக்கு முன்வேலை குறைவு. பெயிண்டுக்கு ஒரு நாளாவது முன்கூட்டியே பலகையைத் தயார் செய்ய வேண்டும். படத்தைக் கணினியில் சரிசெய்யும் வேலை இரண்டுக்கும் பொது. பின்னணியை வெட்டி, முகத்தை வெளுப்பாக்கி, கண்ணையும் முடியையும் கொஞ்சம் கூர்மையாக்கினால் போதும்.

இனி எனக்கு முடிவைத் தந்த விஷயத்துக்கு வருகிறேன். அது மரத்தின் ரேகை.

பைன் பலகை ஒன்றை எடுத்துப் பாருங்கள். வெளிர் பட்டையும் அடர்ந்த கோடும் மாறி மாறி ஓடும். வெளிர் பட்டை மென்மையானது. லேசர் பட்டதும் ஆழமாகக் கருகும். அடர்ந்த கோடு கெட்டியானது. அதே சக்தியில் அவ்வளவு எளிதில் கருகாது. இயந்திரத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஒரே அளவு சூட்டைத்தான் அது எல்லா இடத்திலும் கொடுக்கிறது. கன்னத்தில் மெதுவாக மாற வேண்டிய நிழல் வரிவரியாகிவிடுகிறது. கண்ணின் கருவிழிக்கு நடுவே ஒரு ரேகை போனால் பார்வையே மாறிப்போகும். மலை, கட்டடம் போன்ற படங்களில் இது பெரிதாக உறுத்தாது. சில சமயம் அழகாகக்கூட இருக்கும். முகத்தில் அப்படி இல்லை. பரிசை வாங்குபவருக்கு அந்த முகம் நன்றாகத் தெரிந்த முகம். உதட்டோரம் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் "அவர் மாதிரி இல்லையே" என்று கண் சொல்லிவிடும்.

ரேகை குறைவான மரங்கள் இல்லாமல் இல்லை. பாஸ்வுட், மேப்பிள், பிர்ச் பிளைவுட் எல்லாம் பைனை விட எவ்வளவோ மேல். ஆனால் ஒரே மரவகையிலும் பலகைக்குப் பலகை நிறமும் ஈரமும் மாறும். போன பலகையில் அருமையாக வந்த செட்டிங் அடுத்ததில் கருகலாம், அல்லது வெளிறலாம். பிளைவுட்டில் மேல்தோல் மெல்லியது. அடியில் இருக்கும் பசை திட்டுத்திட்டாகப் படத்தில் தெரிவதும் உண்டு. ஒவ்வொரு முறையும் ஓரத்தில் சோதனைக் கட்டங்கள் சுட்டுப் பார்த்த பிறகுதான் படத்தைத் தொட முடிகிறது.

பெயிண்ட் இந்தத் தொல்லையை அடியோடு எடுத்துவிடுகிறது. லேசர் முதலில் சந்திப்பது மரத்தை அல்ல, ஒரே சீரான ஒரு படலத்தை. வெள்ளை பெயிண்டின் நிறமியான டைட்டானியம் டை ஆக்ஸைடு கடுஞ்சூட்டில் கறுக்கும் தன்மை உள்ளது. செராமிக் ஓட்டில் வெள்ளை பூசிப் படம் சுடுகிறவர்கள் நம்பியிருப்பது இதைத்தான். மரத்தில் அதோடு அடியில் இருக்கும் மரமும் கருகி, லேசர் பட்ட புள்ளி அடர்ந்த கறுப்பாகிறது. சுடாத இடம் வெள்ளையாகவே நிற்கிறது. இன்றைக்கு ஒரு செட்டிங் சரியாக அமைந்தால், அதே பெயிண்டை அதே கனத்தில் அடிக்கும்வரை அடுத்த பலகையிலும் கிட்டத்தட்ட அதே முகம் கிடைக்கும். இன்னொரு வசதி, அடியில் என்ன மரம் என்ற கவலை குறைகிறது. எம்டிஎஃப், அதாவது மரநாரைப் பிசின் சேர்த்து அழுத்திய பலகை, தனியாகச் சுட்டால் மங்கலாக, சோர்ந்த பழுப்பில் வரும்; வெள்ளை அடித்ததும் முகப்படத்துக்கு மிகப் பொருத்தமான பலகையாகிவிடுகிறது. அதற்கு ரேகையே கிடையாதே.

"அதே கனத்தில்" என்பதுதான் இங்கே முக்கியம். பெயிண்ட் தடித்த இடத்தில் லேசர் மரம்வரை இறங்காது, புள்ளி சாம்பலாக நிற்கும். மெலிந்த இடத்தில் மரம் அதிகமாகக் கருகும். பிரஷ்ஷால் அடித்தால் பிரஷ் மயிரின் தடம் வரிவரியாகப் பதிந்து, படத்தில் இன்னொரு ரேகையாக எழும். ரேகையை மறைக்கப் போய் ரேகையை வரைந்த கதைதான். ஆகவே ஸ்பிரே அடிப்பது உத்தமம். இல்லையென்றால் சின்ன ஸ்பாஞ்ச் ரோலர். முதலில் 220 உப்புத்தாளால் தேய்த்துத் துடைக்க வேண்டும். தண்ணீர் கலந்த அக்ரிலிக் பெயிண்ட் பட்டதும் மரநார் எழும்பிச் சொரசொரப்பாகும். முதல் கோட் காய்ந்ததும் 320 தாளால் மெல்லத் தடவி அதை உட்கார வைத்துவிட்டு, இரண்டாவது கோட்டை மெலிதாக அடிக்க வேண்டும். விரல் நுனியால் தடவும்போது எங்கும் தடுக்கக் கூடாது. பிறகு ஓர் இரவு முழுக்கக் காயவிடுங்கள். மேலே காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும் பெயிண்ட், லேசர் பட்டதும் உருகிப் பிசுபிசுக்கும். புள்ளியின் ஓரம் கலங்கிவிடும்.

எந்த லேசர் என்பதும் இங்கேதான் கணக்கில் வருகிறது. வீட்டு மேசைகளில் அதிகம் இருக்கும் டயோடு லேசர் சுமார் 450 நானோமீட்டர் நீல ஒளி. வெள்ளைப் பரப்பு அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுவதால், வெறும் மரத்தை விட வேகத்தைக் குறைத்தோ சக்தியைக் கூட்டியோ சுட வேண்டியிருக்கும். கார்பன் டை ஆக்ஸைடு லேசர் 10,600 நானோமீட்டர் அகச்சிவப்பு. அதற்குப் பெயிண்ட் கறுப்பா வெள்ளையா என்பது பெரிய பொருட்டில்லை. என் அனுபவம் பெரும்பாலும் டயோடில்தான். ஆகவே நான் சொல்லும் செட்டிங் விஷயங்களை மற்ற வகை வைத்திருப்பவர்கள் ஒருமுறை சோதித்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயிண்டின் குறையையும் மறைக்க முடியாது. அதில் இடைநிறம் கிடையாது. வெறும் மரத்தில் சூட்டைக் கூட்டிக் குறைத்தால் இளம்பழுப்பிலிருந்து கரும்பழுப்புவரை படிப்படியாக வரும். பெயிண்டில் புள்ளி கறுக்கும், அல்லது கறுக்காது. இடையே உள்ள சாம்பல் எல்லாம் புள்ளிகளின் நெருக்கத்தால் கண்ணுக்குத் தோன்றுவதுதான், செய்தித்தாள் படங்களில் இருப்பதைப் போல. ஆகவே சூட்டைக் கூட்டிக் குறைத்துச் சாம்பல் காட்டும் கிரேஸ்கேல் முறையை விட்டுவிட்டு, படத்தை வெறும் புள்ளிகளாகப் பிரிக்கும் டிதரிங் முறைக்குப் போக வேண்டும். ஃபிளாய்ட்-ஸ்டைன்பர்க், ஜார்விஸ் இரண்டுமே இதற்காக 1976இல் வெளியான கணக்குமுறைகள். ஸ்டக்கியும் அதே குடும்பம். லேசரை இயக்கும் லைட்பர்ன் மென்பொருளில் ஜார்விஸும் ஸ்டக்கியும் தயாராகவே இருக்கின்றன. முகத்துக்கு எனக்குப் பிடித்தது ஜார்விஸ். கன்னத்து நிழல் அதில் மிருதுவாக இறங்குகிறது.

லேசர் வரி வரியாகத்தான் சுடும்; அந்த வரி இடைவெளியை ரொம்ப நெருக்காதீர்கள். 0.1 மில்லிமீட்டர் என்றால் அங்குலத்துக்கு 254 வரி. உங்கள் லேசரின் புள்ளி அளவே அவ்வளவுதான் என்றால், அதற்குக் கீழே போவதில் பயன் இல்லை. புள்ளியின் மேல் புள்ளி ஏறி சாம்பல் எல்லாம் அடைபட்டு முகம் இருண்டுவிடும்.

கறுப்பு பெயிண்டைப் பற்றிக் கொஞ்சம். அதற்குப் படத்தை நெகட்டிவாக மாற்ற வேண்டும், ஏனென்றால் சுட்ட இடம்தான் வெளுப்பு. கறுப்பு நீல ஒளியை நன்றாக உறிஞ்சுவதால் குறைந்த சக்தியிலேயே பெயிண்ட் பறந்துவிடும். பிரச்சினை அதற்கு அடுத்த நொடியில். சக்தி ஒரு துளி கூடினாலும் அடியில் இருக்கும் மரம் கருகி, வெளுப்பாக இருக்க வேண்டிய நெற்றி பழுப்பாகிவிடும். உரிந்த இடத்தில் தெரிவது மரம் என்பதால் ரேகையும் திரும்ப வந்துவிடுகிறது. கறுப்புக்கு அடியில் வெள்ளை ஒரு கோட் அடித்துக்கொண்டால் இரண்டும் ஓரளவு தீரும். இரவில் எடுத்த படம், இருட்டுப் பின்னணியில் ஒரு முகம் என்றால் இதைச் செய்து பார்க்கலாம்; பலகையின் பெரும்பகுதியைச் சுட வேண்டியதே இருக்காது. இதில் நான் செய்தது குறைவு என்பதால் இதற்கு மேல் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

சுட்டு முடித்ததும் வெள்ளையில் படத்தைச் சுற்றி மஞ்சள் புகை படிந்திருக்கும். ஈரத்துணியில் ஒரு சொட்டு சோப்பு போதும், வந்துவிடும். ஆல்கஹால் வேண்டாம், அது அக்ரிலிக்கையே இளக்கும். வெறும் மரத்தில் அதே புகை ரேகைக்குள் இறங்கிவிட்டால் துடைத்து எடுப்பது கடினம். மேலே வார்னிஷ் அடிப்பதாக இருந்தால் எண்ணெய் சார்ந்தது கூடாது. காலப்போக்கில் மஞ்சளித்து வெள்ளையைக் கெடுக்கும். தண்ணீர் சார்ந்த கிளியர் கோட்டை முதல் முறை மெல்லிய ஸ்பிரேயாக அடியுங்கள். பிரஷ் கரியை இழுத்து வெள்ளையில் தீற்றிவிடும்.

பாதுகாப்பில் ஒரு விஷயத்தை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பழைய கதவு, ஜன்னலிலிருந்து கழற்றிய, ஏற்கெனவே பெயிண்ட் அடித்த பலகையை லேசருக்கு அடியில் வைக்காதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அது புகையோடு கலந்து உங்கள் மூச்சில் போகும். பிவிசி, வினைல் கலந்த எதுவும் கூடாது. அவை விடும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் இயந்திரத்தையும் சேர்த்து அரிக்கும். என்னவென்று தெரிந்து, நீங்களே வாங்கி அடித்த பெயிண்டை மட்டும் சுடுங்கள். எம்டிஎஃப் என்றால் அதன் பிசின் புகையும் சேரும், ஆகவே வெளியேற்றும் விசிறி அவசியம்.

முகப்படத்துக்கு வெள்ளைதான் என்றேன்; அது சுவரில் மாட்டவும் மேசையில் நிறுத்தவும்தான். கையில் புழங்கும் பொருளுக்கு நானே அதைப் பரிந்துரைக்க மாட்டேன். சாவிக்கொத்து, பேனா டப்பா, அடிக்கடி திறந்து மூடும் பெட்டி எல்லாம் எங்காவது இடிபட்டு மூலையில் பெயிண்ட் பெயரும். முகத்தின் நடுவே பெயர்ந்தால் ஒட்டவைக்க வழி இல்லை. அவற்றுக்கு மேப்பிளோ பாஸ்வுட்டோ எடுத்து, ரேகை கண்ணுக்குக் குறுக்கே வராதபடி பலகையைத் திருப்பி வைத்து, வெறும் மரத்திலேயே சுடுகிறேன்.