கிரேக்கக் காசுகளுக்கு மின்பட்டியல்: முழு விவரணையா, வகை எண்ணா?

அருங்காட்சியகத்திலுள்ள பழங்கிரேக்கக் காசுகளைக் கணினியில் ஏற்ற இரண்டு வழிகளைத்தான் நான் பொருட்படுத்துவேன். கலெக்டிவ்ஆக்சஸ் போன்ற பொதுவான அருங்காட்சியக மென்பொருளில் ஒவ்வொரு காசையும் முழுவதுமாக விவரித்து எழுதுவது ஒன்று. காசை, நாணயவியல் சொற்களுக்கு நிலையான இணைய முகவரிகள் தரும் நோமிஸ்மா தளத்தின் அடையாளங்களோடும், ஒரே மாதிரிக் காசுகளுக்கு ஒரே எண் கொடுத்து ஏற்கெனவே வெளியாகியிருக்கும் வகைப்பட்டியலின் எண்ணோடும் இணைத்துவிடுவது மற்றொன்று. நியூமிஷேர் என்ற மென்பொருள் இந்த இரண்டாம் வழிக்கென்றே உருவானது. எங்கள் தொகுப்புக்கு நான் தேர்ந்ததும் இதைத்தான்.

இரண்டு மென்பொருளும் இலவசம், திறமூலம். படம் பிடிப்பது, எடை பார்ப்பது, விட்டம் அளப்பது, முன்பக்கத்துக்கு எதிராகப் பின்பக்க அச்சு எந்தத் திசையில் விழுந்திருக்கிறது என்பதைக் கடிகார மணியாகக் குறிப்பது எல்லாம் எந்த வழியிலும் ஒரே உழைப்புதான். நிறுவுவதில் கலெக்டிவ்ஆக்சஸ் எளிது. பிஎச்பி நிரல்மொழியும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும் தெரிந்த ஒருவர் போதும். நியூமிஷேருக்கு டாம்கேட், எக்சிஸ்ட், சோலார் என்று பல துணை மென்பொருள் அடுக்குகள் வேண்டும். கணினி ஆள் இல்லாத சிறிய அருங்காட்சியகத்துக்கு அது பெரும் சுமை.

அப்படியிருந்தும் இரண்டாம் வழிக்குப் போனதற்குக் காரணம் பராமரிப்பு. காசுப் பட்டியலை ஒருமுறை எழுதி முடித்துவிட முடியாது. அலெக்சாந்தர் பெயரில் வெளியான வெள்ளி டெட்ராடிராக்மை, அதாவது நான்கு டிராக்மா காசை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் சிங்கத்தோல் போர்த்திய ஹெராக்ளிஸின் தலை, பின்பக்கம் அரியணையில் கழுகோடு ஜியஸ், அருகே அலெக்சாந்தரின் பெயர். அவர் கி.மு. 323இல் இறந்த பிறகும் நகரங்கள் இதே காசை அடித்துக்கொண்டே இருந்தன. இன்றைய பல்கேரியக் கடற்கரையிலிருந்த மெசெம்பிரியாவும் ஒடெசோஸும் கி.மு. முதல் நூற்றாண்டு வரை அடித்திருக்கின்றன. பெயரைப் பார்த்து "கி.மு. 336–323" என்று பதிந்தால் இருநூறு ஆண்டுக்கு மேல் பிசகும். எந்த அக்கசாலை (காசு அடித்த இடம்), எந்தக் காலம் என்பதைப் பின்பக்கத்திலிருக்கும் சின்னஞ்சிறு குறிகளும் கூட்டெழுத்துகளும்தான் சொல்லும். அவற்றை வைத்து மார்ட்டின் பிரைஸ் 1991இல் வெளியிட்ட பெருந்தொகுப்பு இன்றும் அடிப்படை. ஆனாலும் அதிலுள்ள அக்கசாலைக் கணிப்புகள் அறிஞர்களின் முடிவுகள்; புதிய புதையல் கிடைத்தால், அச்சுகளை ஒப்பிட்டு யாராவது ஆராய்ந்தால், அவை மாறும்.

முழு விவரணையில், அப்படி மாறும் ஒவ்வொரு முறையும் அந்த வகைக் காசு ஒவ்வொன்றின் பதிவையும் தேடித் திருத்த வேண்டும். தேடுவதே பாடு. ஒரே அக்கசாலை நகரை ஒருவர் "ஆம்பிபோலிஸ்" என்றும் அடுத்தவர் "ஆம்ஃபிபொலிஸ்" என்றும் எழுதியிருப்பார். இன்னொருவர் "மாசிடோனியா" என்று மட்டும் விட்டிருப்பார். எழுதியவர் ஓய்வு பெற்றுப் போனபின் அவர் எந்தப் பொருளில் எழுதினார் என்று கேட்கவும் ஆளிருக்காது.

வகை எண்ணில் அந்த வேலை வேறிடத்துக்குப் போகிறது. அமெரிக்க நாணயவியல் கழகத்தின் பெல்லா பட்டியல், பிரைஸின் எண்களையே இணைய முகவரிகளாக்கியிருக்கிறது. நம் பதிவில் இருப்பது பதிவேட்டு எண், எடை, விட்டம், அச்சுத் திசை, படம், பெல்லா எண், அவ்வளவே. அக்கசாலை, காலம், உருவ விவரணை ஆகியவை பெல்லாவில் இருக்கின்றன. அங்கே ஒருமுறை திருத்தினால் நம் காசுக்கும் திருத்தம் வந்துவிடும். நோமிஸ்மாவில் அக்கசாலைகளுக்கு நிலவரைபடக் குறிப்பும் இருப்பதால் வரைபடம் தானே அமைகிறது. தரவைத் திறந்துவிட்டால் பிரிட்டிஷ் அருங்காட்சியகம், பெர்லின் நாணயக்கூடம் ஆகியவற்றின் காசுகளுக்குப் பக்கத்திலேயே நம் காசும் நிற்கும். அதே அச்சில் பிறந்த இரு காசுகள் இரண்டு நாடுகளிலிருந்தாலும் ஆய்வாளர் கண்டுபிடிக்க வழியுண்டு. இதைவிடப் பெரிய பயனை நான் பார்க்கவில்லை.

ஒரு வகையை இரண்டாகப் பிரித்துவிட்டால் மட்டும் காசை மறுபடி கையிலெடுத்துப் பார்த்தே தீர வேண்டும். எந்த இணைப்பும் அதைத் தானாகச் செய்யாது. பழைய அடையாளத்தையும் தேதியோடு நம்மிடம் வைத்துக்கொள்வது அவசியம்.

கொள்முதல் வரலாறு, இருப்பிடம், இரவல், பாதுகாப்புச் சிகிச்சை ஆகியவற்றில் பொது மென்பொருள்தான் மேல். பண்பாட்டுச் சொத்துகளின் சட்டவிரோத வணிகத்தைத் தடுக்கும் 1970ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கைக்குப் பிறகு, காசு எப்படி வந்தது என்ற கேள்வியை எந்த அருங்காட்சியகமும் தட்டிக்கழிக்க முடியாது. அதனால் உள்பதிவேட்டைப் பொது மென்பொருளில் வைத்து, வகை எண்ணுக்கென ஒரு புலம் சேர்த்து, வெளியீட்டுக்கு மட்டும் நியூமிஷேர் என்று பிரித்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

எல்லாத் தொகுப்புக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். செலூக்கியர், தாலமியர், பாக்திரிய–இந்தோ-கிரேக்க அரசர்கள் ஆகியோருக்கு இணைய வகைப்பட்டியல்கள் உண்டு. இந்தோ-கிரேக்க அரசர் மினாண்டரின் காசு வைத்திருக்கும் இந்திய அருங்காட்சியகங்கள் தயங்காமல் இறங்கலாம். தெற்கு இத்தாலி, சிசிலி நகரக் காசுகள்தாம் உங்களிடம் அதிகமென்றால் வேலை கடினம். நகரக் காசுகளில் என் அனுபவமும் குறைவு. தேய்ந்துபோன வெண்கலக் காசுகளுக்கு உலோகம், அக்கசாலை இரண்டுக்கும் நோமிஸ்மா அடையாளம் கொடுத்து, கண்ணுக்குத் தெரிவதை எழுத்தில் பதிந்து, வகை எண் புலத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.