உவர்மலை வீட்டுச் சுவரில் இரண்டு வெனிஸ்கள்

நில அளவைத் திணைக்களத்தில் 31 ஆண்டுகள் படவரைஞராக வேலை செய்தவன் நான். ஒரு படத்தைப் பார்த்தால் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றுதான் கண் முதலில் தேடும். பதினெட்டாம் நூற்றாண்டு வெனிஸ் ஓவியர் கனலெட்டோவின் இரண்டு ஓவியங்களைக் கன்வஸில் அச்சிட்டுச் சட்டம் போடுவதற்காகத் திருகோணமலைப் பிரதான வீதிக்கு அருகிலுள்ள கடை ஒன்றில் கொடுத்தபோதும் அளவுகளைத் தாளில் எழுதியே கொடுத்தேன்.

முதல் படம் ‘கல் கொத்துவோர் முற்றம்’. 1725 அளவில் வரைந்தது. மூல ஓவியம் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. வெனிஸ் என்றதும் நாம் எதிர்பார்க்கும் அரண்மனையும் அலங்காரப் படகும் இதில் முன்னுக்கு வரவில்லை. பாதி செதுக்கிய கற்கள், மரக் கொட்டகை, சன்னலில் தொங்கும் துணிகள். இடது கீழ்ப்புறம் ஒரு குழந்தை விழுந்து கிடக்கிறது. தாய் கைகளை நீட்டிக்கொண்டு பாய்ந்து வருகிறாள். மேலே மாடத்திலிருந்து இன்னொருத்தி எட்டிப் பார்க்கிறாள். கால்வாய்க்கு அப்பால் நிற்கும் மணிக்கோபுரம் 1744இல் இடிந்து விழுந்துவிட்டது; படத்தில் இன்றும் நிற்கிறது.

அந்தக் குழந்தை கடையில் வெட்டுப்பட்டுப் போனது. மூல ஓவியம் ஏறத்தாழ 124க்கு 163 சென்ரிமீற்றர். கடையில் ஆயத்தமாக இருந்த சட்டமோ 20க்கு 30 அங்குலம். வானத்தை அப்படியே விட்டுவிட்டுக் கீழ்ப்பகுதியை வெட்டி, மிஞ்சிய விளிம்பையும் மரத்தின் பக்கவாட்டில் மடித்து அடித்திருந்தார்கள். தாய் யாருக்காகக் கை நீட்டுகிறாள் என்பதே தெரியவில்லை. எனக்கு மிகவும் வலித்தது. கடைக்காரத் தம்பியிடம் தொலைபேசியில் மூலத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். “ஐயா, பிள்ளையைக் காணவில்லையே” என்று அவரே சொன்னார். மேலதிகமாக ஒரு ரூபாயும் கேட்காமல், சுற்றிலும் இரண்டு அங்குல வெள்ளை விளிம்பு விட்டுப் புதிதாக அச்சிட்டுத் தந்தார். இந்தக் கடையை நான் மெச்சுவது அதற்காகவே.

இரண்டாவது படம் கண்ட காட்சியே அல்ல. இத்தாலியர் உள்ளதை உள்ளபடி வரைவதை வெதூத்தா என்றும், கற்பனையில் கூட்டிச் சேர்ப்பதைக் கப்ரிச்சோ என்றும் சொல்வார்கள். வெனிஸின் பெருங்கால்வாயில் ரியால்டோ என்னும் இடத்துக்காகக் கட்டடக் கலைஞர் பல்லாடியோ வரைந்த பாலம் கட்டப்படவே இல்லை. அங்கே 1591இல் கட்டி முடிந்தது அந்தோனியோ டா பொந்தேயின் பாலம். கனலெட்டோ அந்தக் கட்டப்படாத பாலத்தைக் கால்வாயின் மேல் நிறுத்தி, விசென்சா நகரிலுள்ள பல்லாடியோவின் கட்டடங்களையும் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார். நாடகக் காட்சித்திரை வரைந்த தகப்பனிடம் தொழில் பழகிய கை அது. இல்லாத பாலத்துக்கும் வெயில் எந்தப் பக்கமிருந்து விழும் என்று கணக்குப் பார்த்து நிழல் போட்டிருக்கிறது.

அந்தப் பாலத்தைப் பார்க்கும்போதெல்லாம் நம்முடைய திருகோணமலைக் கோட்டை வாசல்தான் நினைவுக்கு வருகிறது. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் அந்த வாசற்கல்லில் செதுக்கிய கயல்களைப் பார்த்திருப்பார்கள். போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கற்கள் அந்தக் கோட்டையில் இருக்கின்றன. அவற்றை மனத்தால் பெயர்த்தெடுத்து, பழைய கோபுரத்தை மலைமுனையில் மறுபடி நிறுத்தி, காலை வெயிலுக்குச் சரியான நிழலோடு நம் பிள்ளை ஒருவர் வரைய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கனலெட்டோவின் சகோதரி மகன் பெலோத்தோ வரைந்த போலந்தின் வார்சா நகரத் தெருக்கள், இரண்டாம் உலகப் போரில் அழிந்த அந்நகரை மீளக் கட்டுவதற்கு உதவின.

அச்சின் தரம் நன்று. முதலில் பளபளப்புப் பூச்சு போட்டிருந்தார்கள். சன்னல் வெளிச்சம் பட்டதும் தண்ணீரிலுள்ள நுண்ணிய வெள்ளைக் கீற்றுகள் மறைந்துவிட்டன. மங்கல் பூச்சுக்கு மாற்றிய பிறகு ஒவ்வொன்றாக எண்ணலாம். வானம் மட்டும் மூலத்தைவிடச் சற்று நீலம் கூடியிருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து 17,000 ரூபாய் கொடுத்தேன். ஒன்பது நாட்கள் எடுத்தது.

கொடுக்கப் போகிறவர்கள் ஆயத்தச் சட்டத்துக்குச் சம்மதிக்க வேண்டாம். விளிம்பை மடிக்காமல் அடிக்கச் சொல்லுங்கள். உப்புக் காற்று படும் வீடென்றால் பின்பலகைக்கும் சுவருக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி விட்டு மாட்டச் சொல்லிக் கேளுங்கள். அந்தத் தம்பி நான்கு மூலைகளிலும் சிறிய ரப்பர் துண்டு ஒட்டித் தருவார்.