ரைடர்–வெயிட் டாரட் கட்டு: பல வருடப் பழக்கத்துக்குப் பிறகு

குறி பார்க்கப் பலர் எடுக்கும் டாரட் சீட்டுக்கட்டை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, சீட்டுகளின் அர்த்தப் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள் என்பதுதான். நான் பல வருடங்களாகக் கையில் வைத்திருப்பது ரைடர்–வெயிட்–ஸ்மித் கட்டு. கூடவே, பழைய பிரெஞ்சு வகையான மார்செய் பாணிக் கட்டு ஒன்றும் உண்டு. வருங்காலம் சொல்ல நான் இதை எடுப்பதில்லை. மனதில் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு விஷயத்தை மேசையில் பரப்பிப் பார்க்க எடுக்கிறேன். அந்த வேலைக்கு இது இன்றுவரை சலிக்கவில்லை. காரணம், இதன் அமைப்பு.

மொத்தம் 78 சீட்டுகள். அதில் தனித்தனிப் பெயருள்ள படச் சீட்டுகளான மேஜர் அர்கானா 22, நான்கு இனங்களாகப் பிரிந்த மைனர் அர்கானா 56. மைனரைப் பார்த்து யாரும் மிரள வேண்டாம். நமக்குத் தெரிந்த சீட்டுக்கட்டில் ஆட்டின், கிளாவர் இருப்பதுபோல இதில் வாண்ட்ஸ், கப்ஸ், ஸ்வார்ட்ஸ், பென்டகிள்ஸ். கோல், கிண்ணம், வாள், காசு. ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் பத்து வரை எண் சீட்டு, அப்புறம் பேஜ், நைட், குயீன், கிங். ரம்மிக் கட்டில் முகச் சீட்டு மூன்று, இங்கே நான்கு.

இந்த ஒற்றுமை தற்செயல் இல்லை. டாரட் பிறந்ததே விளையாட்டுக்காகத்தான். 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சாதாரணக் கட்டோடு துருப்புச் சீட்டுகளாகச் சேர்த்த படங்கள்தான் இன்றைய மேஜர் அர்கானா. மிலானை ஆண்ட விஸ்கோன்டி, ஸ்ஃபோர்ஸா குடும்பங்களுக்காகத் தங்கத் தகடு ஒட்டிக் கையால் வரைந்த சீட்டுகள் இன்றும் நியூயார்க்கின் மோர்கன் நூலகத்திலும் பெர்கமோவிலும் இருக்கின்றன. 1781இல் பிரான்சில் கூர் தெ ஜெபலின் என்பவர் இதை எகிப்தியரின் ரகசிய ஞானம் என்று எழுதினார். அப்போது எகிப்திய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஐரோப்பாவில் யாருமே இல்லை. ஷாம்போலியன் அதைப் படித்துக் காட்டியது 1822இல். ஆனாலும் எகிப்துக் கதைதான் இன்றும் பல இடங்களில் ஓடுகிறது. பிரான்சில் இப்போதும் 78 சீட்டு வைத்துச் சும்மா ஆடுகிறார்கள்.

சரி, நான் வைத்திருக்கும் கட்டுக்கு வருவோம். 1909இல் லண்டனில் வெளியானது. திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெயிட்டுடையது, படங்கள் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தவை. சில மாதங்களில் வரைந்து முடித்துவிட்டு, நண்பர் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், பெரிய வேலை, பணமோ மிகக் குறைவு என்று சொன்னார். கட்டின் பெயரில் பதிப்பாளர் ரைடரும் வெயிட்டும் மட்டுமே நெடுங்காலம் இருந்தார்கள். ஸ்மித் என்பதை விடாமல் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். மார்செய் கட்டில் கிண்ணம் ஐந்து என்றால் ஐந்து கிண்ணம் இருக்கும், அவ்வளவுதான். இந்தக் கட்டின் எண் சீட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மனிதர்களும் சம்பவமும் உள்ள படம் கொடுத்தது ஸ்மித்.

நான்கு இனங்களின் 4, 5, 6 சீட்டுகளை மட்டும் எடுத்து மூன்று வரிசையாக வைத்துப் பாருங்கள். நான்கில் எல்லாமே நிலைபெற்றிருக்கும்: தோரணம் கட்டிய நான்கு கோல், மரத்தடியில் கைகட்டி உட்கார்ந்திருப்பவன், கல்லறைமேல் படுத்திருக்கும் வீரன், காசைக் கட்டிப் பிடித்திருப்பவன். ஐந்து வந்ததும் அது உடைகிறது. கோலோடு அடித்துக்கொள்கிறார்கள், கிண்ணங்கள் கவிழ்கின்றன, ஒருவன் வாள்களைப் பொறுக்க மற்ற இருவர் விலகிப் போகிறார்கள், பனியில் இரண்டு ஏழைகள் நடக்கிறார்கள். ஆறில் ஒரு வழி திறக்கிறது: வெற்றி ஊர்வலம், பூ கொடுக்கும் சிறுவன், படகில் அக்கரைக்குப் போகும் பெண்ணும் குழந்தையும், தராசு பிடித்துத் தர்மம் செய்பவன். இந்தப் பன்னிரண்டையும் ஒருமுறை இப்படிப் பார்த்துவிட்டால், எண் குறுக்காகவும் இனம் நெடுக்காகவும் ஓடும் கட்டம் பிடிபட்டுவிடும். அப்புறம் கையேட்டை அடிக்கடி திறக்க வேண்டியிருக்காது.

பென்டகிள்ஸ் ஐந்தை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். பின்னால் வெளிச்சமான வண்ணக் கண்ணாடி ஜன்னல். கீழே கழுத்தில் மணி தொங்க, ஊன்றுகோலில் போகிறவன். பக்கத்தில் வெறுங்காலோடு ஒரு பெண். இருவரும் ஜன்னலைப் பார்க்கவில்லை. படத்தில் கதவு எங்கேயும் இல்லை. உதவி கண்ணில் படவில்லையா, உள்ளே விட வழியே இல்லையா? பணக் கவலையில் இருந்த ஒரு தோழி இந்தச் சீட்டு வந்தபோது வெகுநேரம் அந்த ஜன்னலைப் பற்றியே பேசினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

மேஜர் சீட்டுகளின் அழகு, ஒன்று இன்னொன்றைக் கூப்பிடுவதில் இருக்கிறது. லவ்வர்ஸ் 6, டெவில் 15. தேவதை நின்ற இடத்தில் சாத்தான், கீழே அதே மாதிரி ஓர் ஆணும் பெண்ணும். ஆனால் கழுத்துச் சங்கிலி தளர்வாக இருக்கிறது, கழற்றினால் கழன்றுவிடும். டெத் சீட்டின் பின்னணியில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன், மூன் சீட்டில் மறுபடி இரண்டு கோபுரங்கள். டெத் வந்தால் பலர் பதறுகிறார்கள். அதில் ராஜா விழுந்து கிடக்கிறார், ஆயர் கைகூப்புகிறார், இளம்பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், குழந்தை மட்டும் குதிரையை நேராகப் பார்க்கிறது. எந்த முடிவையும் மனிதர்கள் எதிர்கொள்ளும் நான்கு விதமாக எனக்கு அது படுகிறது.

இரண்டு கட்டு வைத்திருப்பவர்களைக் குழப்பும் ஒன்று உண்டு. மார்செய் கட்டில் ஜஸ்டிஸ் 8, ஸ்ட்ரெங்த் 11. வெயிட் இடம் மாற்றிவிட்டார். அவர் இருந்த கோல்டன் டான் என்ற மறைஞானச் சங்கத்தார் மேஜர் சீட்டுகளில் பன்னிரண்டை ராசிகளோடு பொருத்தியிருந்தார்கள். கடகம் சேரியட், சிம்மம் ஸ்ட்ரெங்த், கன்னி ஹெர்மிட், துலாம் ஜஸ்டிஸ். ராசி வரிசை தப்பாமல் வர சிங்கம் உள்ள சீட்டு 8க்கு வந்தாக வேண்டும். காரணம் தெரிந்தபின் இது உறுத்துவதில்லை.

குறைகளும் இருக்கின்றன. முகச் சீட்டுகள் எண் சீட்டுகளைப் போலப் பேசுவதில்லை. நான்கு ராணிகளையும் பிரித்தறிய எனக்கு நெடுநாள் பிடித்தது, பேஜ்கள் இன்னும் கடினம். வெயிட் தரும் அர்த்தம் சில இடங்களில் ஸ்மித்தின் படத்தோடு ஒட்டவே இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் நான் படத்தின் பக்கம். சீட்டு ஏறக்குறைய 7க்கு 12 சென்டிமீட்டர், சிறிய கைக்குப் பெரிது. ரம்மிச் சீட்டைக் கலைப்பதுபோலக் கலைக்க முடியாது. மேசையில் கொட்டி இரண்டு கையாலும் அளைந்து சேர்ப்பதுதான் எனக்குச் சரிப்படுகிறது. ஓரம் மடங்காமலும் இருக்கிறது.

வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். படத்தின் ஓரத்தில் ஸ்மித் தன் பெயரின் முதலெழுத்துகளைப் பாம்புபோல் நெளித்துப் பின்னிக் கையெழுத்திட்டிருப்பார். மலிவான நகல்களில் அது கறைபோலக் கலங்கியிருக்கும், பல சமயம் கையேடும் இருக்காது. கண்ணைப் பறிக்கும் மஞ்சளும் நீலமும் உள்ள அச்சைவிட, நிறம் அடங்கிய அச்சில் கோடுகள் நன்றாகத் தெரிகின்றன. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதை வாங்கலாம். மார்செய் கட்டை, இதில் கை பழகியபின் பார்த்துக்கொள்ளலாம்.