களையோடு வாழைக்கன்றையும் பிடுங்கிய கதை: புது லேப்டாப், 14 மாத அனுபவம்

போன வருடம் ஜூனில், இடவப்பாதி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், நாகர்கோவிலில் போய் இந்த லேப்டாப்பை வாங்கினேன். 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. மார்த்தாண்டத்தில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். கேள்வித்தாள் அடிக்கவும் ஆன்லைன் வகுப்புக்கும் இது போதும். கடைக்காரப் பையன், "எல்லாம் உள்ளேயே இருக்கு சாரே, நீங்க ஒண்ணும் போட வேண்டாம்" என்று சந்தோஷமாகச் சொன்னான். அவன் சொன்னதில் பொய்யில்லை, நான் கேட்காமலே முன்கூட்டிப் போட்டு வைத்த ஆன்டிவைரஸ், கேம், கம்பெனி ஆப் என்று எல்லாம்தான் இருந்தது.

முதல் வாரமே ஆன்டிவைரஸ் கடன்காரன் மாதிரி வந்து நிற்க ஆரம்பித்தது. 30 நாள்தான் இலவசம். வகுப்பு நடுவே ஸ்கிரீன் ஷேரில் இருக்கும்போது வலது மூலையில் சிவப்பாக ஒரு பெட்டி: உங்கள் கணினி ஆபத்தில். "சாரே, வைரஸ் வந்திட்டு" என்று ஒரு பையன் சாட்டில் எழுதினான். அன்று ராத்திரியே செட்டிங்ஸில் ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் என்று போய் அதை அன்இன்ஸ்டால் செய்தேன். போனது போலத்தான் தெரிந்தது. ஆனால் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால், பின்னணியில் அதன் சர்வீஸ் ஒன்று இன்னும் ஓடுகிறது. இப்படி மிச்சம் மீதி கிடப்பதைத் துடைக்க ஆன்டிவைரஸ் கம்பெனிகளே தனியாக ஒரு ரிமூவல் டூல் தருகிறார்கள். அதை இறக்கி ஓட்டி, ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் முழுசாக ஒழிந்தது. இதை எடுத்தால் பாதுகாப்புக்கு என்ன செய்வது என்று பயப்பட வேண்டாம். வேறு ஆன்டிவைரஸ் இருக்கும்வரை, விண்டோஸோடு கூடவே வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் ஒதுங்கி நிற்கும், அது போனதும் தானே வேலையை எடுத்துக்கொள்ளும். 14 மாதமாக எனக்கு அதுவே போதுமாக இருக்கிறது.

ஸ்டார்ட் மெனுவில் கிடந்த கேம்களை ரைட் கிளிக் செய்து எடுத்துவிட்டேன். அதில் பாதி வெறும் ஐகான், தொட்டால்தான் டவுன்லோடே ஆகும்.

நான் கோட்டை விட்டது அடுத்ததில். கை அரிப்பு எடுத்துவிட்டது. கம்பெனி பெயரில் இருந்த ஐந்தாறு ஆப்களையும் ஒரே மூச்சில் தூக்கினேன். அதில் வாரண்டியை நீட்டிக்கச் சொல்லி நச்சரிக்கும் ஒன்று, வால்பேப்பர் விற்கும் ஒன்று, அப்புறம் 'கன்ட்ரோல் சென்டர்' மாதிரி ஒன்று. லேப்டாப் சுறுசுறுப்பானதென்னவோ உண்மை. கீபோர்டு லைட் பட்டன் வேலை செய்யவில்லை, போகட்டும் என்று விட்டேன்.

நவம்பரில் அக்கா மகன் வந்தான். வந்தவன் திரையின் மூலையைப் பார்த்துவிட்டு, "மாமா, பேட்டரி எப்பமும் நூறுலயே கெடக்கே, கண்டீங்களா?" என்றான். மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாததால் சார்ஜரை நான் கழற்றுவதே இல்லை. லித்தியம் பேட்டரிக்கு நிறைந்த வயிறும் சூடும் ஆகாது, சீக்கிரம் கிழடாகிவிடும். அதற்காகவே 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதியை லேப்டாப் கம்பெனிகள் கொடுக்கின்றன. என் லேப்டாப்பில் அது இருந்தது நான் தூக்கி எறிந்த அந்தக் கன்ட்ரோல் சென்டரில்தான்! அவன் ஒரு கட்டளை அடித்து பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டினான். புதிதில் 50,000 மில்லிவாட்-மணி தாங்க வேண்டியது, ஐந்தே மாதத்தில் 45,900க்கு வந்திருந்தது. கம்பெனியின் சப்போர்ட் பக்கத்திலிருந்து அந்த ஆப்பைத் திரும்பப் போட்டு 80ல் நிறுத்தினோம். கீபோர்டு லைட்டும் திரும்பி வந்தது. இப்போது, ஒன்பது மாதம் கழித்து, 44,800. போனது போனதுதான், அதற்குமேல் பெரிதாக விழவில்லை.

அதற்காகக் கம்பெனி போட்டுத் தருவதை எல்லாம் நம்பு என்று சொல்லமாட்டேன். என்னுடையது வேறு கம்பெனி என்றாலும், 2015ல் லெனோவோ விஷயத்தில் வெளிவந்த சூப்பர்ஃபிஷ் கதையை மறக்க முடியவில்லை. விளம்பரம் காட்டுவதற்காக முன்கூட்டியே போட்டிருந்த அந்த மென்பொருள், இணையதளம் அசல்தானா என்று பிரவுசர் சரிபார்க்க நம்பும் சான்றிதழ் ஒன்றை, தான் இருந்த எல்லா லேப்டாப்பிலும் ஒரே ரகசியச் சாவியோடு பதித்து வைத்திருந்தது. அந்தச் சாவி கைக்குக் கிடைத்த யாரும் பேங்க் தளத்துக்குப் போகும் இணைப்பைக்கூட ஒட்டுக் கேட்கலாம் என்ற நிலை. கடைசியில் லெனோவோவே நீக்கும் கருவி கொடுத்தது.

எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகவே ஏற்றலாமே என்று அக்கா மகன் கேட்டான். ஏற்றலாம், 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். விண்டோஸின் லைசென்ஸ் சாவி மதர்போர்டிலேயே இருப்பதால் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். ஆனால் சில மாடல்களில், பாகங்களை விண்டோஸுக்கு அடையாளம் காட்டும் டிரைவர் என்ற மென்பொருளை ஏற்றாமல் எஸ்எஸ்டியே அதன் கண்ணுக்குத் தெரியாது, வைஃபையும் எடுக்காது. பரீட்சை நேரத்தில் அந்த வம்பு எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பெரிய அப்டேட் வந்தபோது மட்டும் 'செட்டப்பை முடிப்போமா' என்று திரை முழுக்க ஒரு பக்கம் மறுபடி முளைத்தது. நோட்டிஃபிகேஷன்ஸ் செட்டிங்ஸில் கடைசியில், அடிஷனல் செட்டிங்ஸ் என்று மடக்கி வைத்திருக்கும் இடத்தில் உள்ள டிக்குகளை எடுத்தேன். அதற்கப்புறம் இதுவரை வரவில்லை. வாரண்டி ஆப் மட்டும் கன்ட்ரோல் சென்டரோடு ஒட்டிக்கொண்டு திரும்ப வந்துவிட்டது. மாதம் ஒரு தடவை எட்டிப் பார்க்கிறது, நானும் மூடிவிட்டுக் கேள்வித்தாளைப் பார்க்கிறேன்.