தண்டையார்பேட்டை டியூஷன் மையம்: புத்தகத்தை மூடி வைத்துத் தொடங்கும் வகுப்பு

தண்டையார்பேட்டையில் பத்தாம் வகுப்புக்கென்று நடக்கும் ஒரு சிறிய டியூஷன் மையத்தில் என் மகள் சென்ற கல்வியாண்டு முழுவதும் படித்தாள். மாடியில் ஒரே அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு வெள்ளைப் பலகை. வசதி என்று சொல்ல வேறொன்றுமில்லை.

வகுப்பைத் தொடங்கும் விதத்தில்தான் இந்த மையம் மற்றவற்றிலிருந்து வேறுபடுகிறது. பிள்ளைகள் வந்து அமர்ந்ததும் புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, நேற்று நடத்திய பாடத்திலிருந்து ஒன்று, போன வாரத்துப் பாடத்திலிருந்து ஒன்று, போன மாதத்துப் பாடத்திலிருந்து ஒன்று எனக் கேட்கப்படும் கேள்விகளுக்கு எதையும் பார்க்காமல் ஒரு தாளில் விடை எழுத வேண்டும். இதற்கு மதிப்பெண் கிடையாது. எழுதி முடித்த கையோடு புத்தகத்தைத் திறந்து அவரவரே திருத்திக்கொள்ள வேண்டும். "வீட்டில் கடகடவென்று ஒப்பித்தாள், பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டாள்" என்று நம்மில் பலர் புலம்புவதற்கான காரணம், திரும்பத் திரும்பப் படித்த உடனே நினைவிருப்பது நாள் கடந்தும் இருக்கும் என்று நம்பிவிடுவதுதான். ரோடிகர், கார்பிக் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பவும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ அவர்களுக்கு ஏறத்தாழ 42 சதவீதமே நினைவிருக்க, படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது.

ஒவ்வொரு பிள்ளையிடமும் தடுப்புகள் வைத்த ஒரு ஷூ பெட்டி இருக்கிறது. அட்டையின் முன்புறம் கேள்வி, பின்புறம் விடை, இரண்டும் பிள்ளையின் கையெழுத்திலேயே. "மின்தடை மாறாமல் மின்னழுத்தம் இரு மடங்கானால் மின்னோட்டம் என்னவாகும்?" என்ற அட்டைக்குச் சரியாக விடை சொன்னால் அது அடுத்த தடுப்புக்குப் போய்ச் சில நாள் கழித்தே திரும்ப வரும், தவறினால் முதல் தடுப்புக்கே வந்து மறுநாளும் எதிரில் நிற்கும். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியப் பத்திரிகையாளர் 1972இல் தம் நூலில் விளக்கிய முறை இது. என் மகளின் பெட்டியில் முக்கோணவியல் முற்றொருமைகள் பல வாரங்கள் முதல் தடுப்பை விட்டு நகரவே இல்லை. எதில் தடுமாறுகிறாள் என்பதை எந்த மதிப்பெண் அட்டையும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

கணக்கில் கூட்டுத்தொடர்வரிசையையும் பெருக்குத்தொடர்வரிசையையும் கலந்தே கொடுக்கிறார்கள். எந்தச் சூத்திரம் பொருந்தும் என்று முடிவெடுப்பதே பாதி வேலை என்பதால் இது சரியான ஏற்பாடு.

குறைகளும் உண்டு. தமிழ் மனப்பாடச் செய்யுளை மட்டும் புத்தகத்தைத் திறந்து வைத்துக் கூட்டாகப் பாடவிட்டு முடித்துவிடுகிறார்கள். அறிவியலுக்குக் காட்டும் அக்கறை செய்யுளுக்கு ஏன் இல்லை என்பது எனக்குப் புரியவில்லை. கட்டணத்துக்கு ரசீது கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. பழைய பாடத்துக்கே நேரம் போவதால் பள்ளியை விட இங்கே பாடம் பின்தங்கியே நடக்கிறது, அதற்காக நடுவில் பிள்ளையை நிறுத்திக்கொண்ட பெற்றோரும் இருக்கிறார்கள். ஜூன் மாதமே சேர்க்க முடிந்தவர்கள் தாராளமாகச் சேர்க்கலாம். திருப்புதல் தேர்வு நெருங்கும்போது சேர்ப்பவர்களுக்கு அந்தப் பெட்டி நிரம்பவே நேரம் போதாது. அவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது.