சுபாங் விமான நிலையம்: அடிக்கடி போய் வருபவனின் அனுபவம்

மலேசியாவில் கோலாலம்பூருக்கு மேற்கே கிள்ளான், ஷா ஆலாம், பெட்டாலிங் ஜெயா பக்கம் வீடு, பினாங்குக்கோ கோத்தா பாருவுக்கோ போக வேண்டும் என்றால் சுபாங்கை விட்டால் வேறு நல்ல வழி இல்லை. செராஸ், காஜாங் ஆட்கள் யோசித்துக்கொள்ளுங்கள். கூட்டரசு நெடுஞ்சாலையின் காலை நெரிசலைத் தாண்டி இங்கே வந்து சேர்வதற்குள் சிப்பாங்கிலுள்ள பெரிய விமான நிலையமான கேஎல்ஐஏ-விலேயே விமானம் ஏறிவிடலாம்.

வேலை விஷயமாகப் பல ஆண்டுகளாகப் பினாங்குக்குப் போய் வருகிறேன். சுபாங்கில் எனக்குப் பிடித்தது அதன் சிறிய உருவம்தான். ஒரே முனையம். இறங்கி, பெட்டியைப் போட்டு, சோதனை முடித்து வாயிலுக்குப் போவது எல்லாம் சில நிமிட நடை. ரயில் மாறுவது, நீண்ட நடைபாதை என்று எதுவும் இல்லை. காலையில் உள்ளேயே பசியாறிவிட்டு ஏறலாம், ஆனால் விலை விமான நிலைய விலை!

அப்புறம் விமானம். ஃபயர்ஃபிளை விமான நிறுவனம் பயன்படுத்தும் ஏடிஆர் 72, ஜெட் அல்ல, இறக்கையில் விசிறி சுழலும் வகை. பக்கத்துக்கு இரண்டு இருக்கைகள். பின்பக்கக் கதவு வழியாக ஏற வேண்டும் என்பதால் கடைசி வரிசைகளில் உட்கார்ந்தால் முதலில் இறங்கலாம். விசிறிக்கு நேராக அமைந்த இருக்கைகளில் இரைச்சல் அதிகம். இறக்கை மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலும் கீழே நன்றாகத் தெரியும். மேலே பை வைக்கும் இடம் சிறியது, பெரிய கைப்பெட்டி நுழையாது. முடிந்தவரை காலை விமானத்தை எடுங்கள். மாலையில் இடிமழை பிடித்தால் தாமதமும் உண்டு, குலுக்கலும் உண்டு.

போய்ச் சேரும் வழிதான் குறை. 2018 மே மாதம் கோலாலம்பூரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலிலிருந்து ஸ்கைபார்க் (இன்றைய முனையத்தின் பெயர்) வரை ரயில் விட்டார்கள். 2023 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். நிலையம் கட்டி, தண்டவாளம் போட்டு, ஐந்து ஆண்டுகூட ஓட்டவில்லை. இப்போது கிராப் செயலி வழி வாடகைக் கார் அல்லது சொந்தக் கார்.

இன்று இரண்டாம் இடத்தில் இருந்தாலும், ஒரு காலத்தில் நாட்டின் தலைவாசல் இதுதான். கோலாலம்பூரின் சுங்கை பீசி பழைய விமான நிலையம் போதாமல் போனதால் 1965 ஆகஸ்டில் சுபாங் திறக்கப்பட்டது. 3,780 மீட்டர் ஓடுபாதை அப்போது தென்கிழக்காசியாவிலேயே நீளமானது. காளான் போல விரிந்த கான்கிரீட் கூரையுடன் முதல் முனையத்தை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் கிங்டன் லூ. ஜோ பக்னருடன் குத்துச்சண்டையில் மோத 1975-இல் முகமது அலி வந்து இறங்கியதும் இங்கேதான். அதே ஆண்டு ஆகஸ்டில் கோலாலம்பூரில் பிணைக்கைதிகளைப் பிடித்துவைத்த ஜப்பானியச் செம்படை என்ற ஆயுதக் குழுவினர் லிபியாவுக்குப் பறந்ததும் இங்கிருந்துதான். மெட்ராஸ் போகும் ஒருவரை வழியனுப்ப ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்கள் வந்த கதையை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள்.

1998 ஜூனில் கேஎல்ஐஏ திறந்ததும் எல்லாம் அங்கே போனது. முதல் முனையத்தை 2003-இல் இடித்தே விட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. எஞ்சிய மூன்றாம் முனையத்தைப் புதுப்பித்ததுதான் இன்றைய ஸ்கைபார்க். 2007-இல் ஃபயர்ஃபிளை வந்த பிறகுதான் இடத்துக்கு மறுபடி உயிர் வந்தது. 2019 ஏப்ரலில் சிங்கப்பூரின் சிலேத்தாருக்குச் சேவை தொடங்கினார்கள். அதுவும் அந்த ஊரின் இரண்டாவது விமான நிலையம். சிலேத்தாருக்கு எதிரே ஜொகூரில் இருக்கும் பாசிர் கூடாங்கின் வான்வெளி தொடர்பாக மலேசிய, சிங்கப்பூர் அரசுகள் பேசித் தீர்க்கும்வரை அந்தச் சேவை காத்திருந்தது.

2024 ஆகஸ்டில் ஜெட் விமானங்கள் திரும்பின. கோத்தா கினபாலு, கூச்சிங் போகிறவர்களுக்கு அது நல்ல செய்தி. ஆனால் ஏர் ஏசியா 2025 ஏப்ரலிலேயே இங்கிருந்து விலகிவிட்டது. ஆண்டுக்கு 80 லட்சம் பயணிகள் வரை கையாளும்படி முனையத்தை வளர்ப்பதுதான் திட்டம். என்னைக் கேட்டால், அதற்கு முன் அந்த ரயிலைத் திரும்ப ஓட்டட்டும். இப்போதே மாலை நேரத்தில் வாசலில் கிராப்புக்குக் காத்திருப்போர் கூட்டம் குறைவில்லை.